மலைக்கு மூன்று பேராக வாருங்கள்

சந்தவாசல் வழியாக ஜவ்வாது மலைக்கு டெண்ட்டோடு வரும் தம்பதியருக்கும் காதலர்களுக்கும் வணக்கம்.

ஆடி வெள்ளியில் படவேட்டு ரேணுகாம்பாளைப் பார்க்க வருகிறவர்களுக்குச் சந்தவாசலில் யாரும் வழி சொல்ல வேண்டியதில்லை. பஸ்ஸை விட்டு இறங்கினால் போதும், கூட்டமே கோயில் வாசலில் கொண்டுபோய் விட்டுவிடும். உங்கள் கதை வேறு. வாழைத் தோட்டங்களைத் தாண்டிச் செண்பகத்தோப்புப் பக்கமாகவோ, போளூர் போய் ஜமுனாமரத்தூர் சாலையிலோ ஏறி, எங்காவது ஓர் ஓடைக்கரையில் இரண்டு பேர் மட்டும் ஓர் இரவு தங்க வேண்டும் என்பது உங்கள் ஆசை. அந்த ஆசையை நான் கேலி செய்யவில்லை. கல்யாணமானால் ஊட்டியில் படகு, கொடைக்கானலில் குதிரை என்று பழகிப்போன நாட்டில், வெயிலில் வியர்க்க நடந்து ஒரு மலையைப் பார்க்கலாம் என்று இருவர் நினைப்பது நல்ல மாற்றம்தான். நான் கேட்பது ஒன்றே ஒன்று. மூன்று பேராக வாருங்கள். மூன்றாவது ஆள் அந்த மலையிலேயே பிறந்து வளர்ந்தவராக இருக்கட்டும். நடப்பது பகலில், படுப்பது ஊருக்குள் என்று வைத்துக்கொள்ளுங்கள். டெண்ட்டை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தாலும் குறைவில்லை.

மலை, காடு, டெண்ட் என்றதும் நம் கண்ணுக்குள் வருவது பெரும்பாலும் அமெரிக்கத் தேசியப் பூங்காவின் படம். 1872இல் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டபோது அங்கே காலங்காலமாக வேட்டையாடி வந்த பூர்வகுடிகள் இருந்தார்கள். அவர்களை ஓரங்கட்டிய பிறகுதான் அது மனிதக் கால் படாத இடமாகப் படங்களில் தெரிய ஆரம்பித்தது. ஆளில்லாக் காடு என்ற அந்தக் கனவை மக்கள் நெருக்கமாக வாழும் இந்தியாவில் அப்படியே கொண்டுவந்து இறக்கினால் அடிபடுவது ஏழைகள்தான் என்று ராமச்சந்திர குஹா 1989இல் எழுதிய கட்டுரை இன்றும் விவாதிக்கப்படுகிறது. தமிழ்நாட்டில் தேசியப் பூங்காக்கள் ஐந்து: கிண்டி, மன்னார் வளைகுடா, முதுமலை, முக்கூர்த்தி, ஆனைமலையில் இருக்கும் இந்திரா காந்தி பூங்கா. ஜவ்வாது அந்தப் பட்டியலில் இல்லை. காப்புக்காடும் ஊர்களும் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடக்கும் மலை இது. தமிழ் பேசும் மலையாளிப் பழங்குடி மக்கள் சாமை விதைத்தும், புளி உலுக்கியும், தேன் எடுத்தும், பலா காத்தும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகிறார்கள். அவர்களுக்கும் முன்னால் இங்கே ஆட்கள் இருந்ததற்குக் கீழ்செட்டிப்பட்டுப் பக்கத்துக் கற்திட்டைகள் சாட்சி. பெருங்கற்காலத்து நினைவுச்சின்னங்கள் அவை. மலைமக்கள் அவற்றை வாலியர் வீடு என்று சொல்லி, குள்ள மனிதர்கள் குடியிருந்ததாகக் கதை வைத்திருக்கிறார்கள்.

இதை வரலாற்றுப் பாடமாகச் சொல்லவில்லை, நீங்கள் டெண்ட் அடிக்கப்போகும் இடத்தைப் பற்றித்தான் சொல்கிறேன். மலையில் சமதளம் அரிது. அந்தி சாயும் நேரத்தில் ஓர் அகலமான கரும்பாறை கண்ணில் படும். கல்லோ முள்ளோ இல்லாமல் பெருக்கிவிட்டது போல இருக்கும். "நமக்கென்றே செய்து வைத்தது மாதிரி இருக்கிறதே" என்று டெண்ட்டை விரிப்பீர்கள். பாறை வெடிப்பில் விரலை விட்டுப் பாருங்கள். சாமை உமி ஒட்டும். அது யாரோ ஒருவருடைய களம். அறுவடைக் காலத்தில் கதிரைக் கொண்டுவந்து கொட்டி அடிக்கும் இடம். இன்னொரு சமதளம் கிடைத்தால் அது தரிசாகப் போட்ட கொல்லையாக இருக்கும். மூன்றாவதாகக் கிடைப்பது மரத்தடியில் நான்கு கல் நட்டிருக்கும் இடம், சாமி இருக்கும் இடம். அடுப்புக்கு மூன்று கல் தேடும் கை அந்தக் கல்லையும் பெயர்க்கக்கூடும். தெரியாமல் செய்வதுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பக்கத்தில் ஊர்க்காரர் ஒருவர் நின்றிருந்தால் "அங்க வேணாங்க, இப்படி வாங்க" என்ற ஒரு வார்த்தையில் முடிந்துபோகும் காரியம் அது.

பாதையும் அப்படித்தான். ஜவ்வாதில் அடையாளப் பலகை கிடையாது. ஒரு மேட்டில் ஏறினால் மூன்று ஒற்றையடிப் பாதைகள் பிரியும். ஒன்று ஆடு போகும் வழி, ஒன்று விறகுக்குப் போகும் வழி, ஒன்றுதான் அடுத்த ஊருக்குப் போவது. மூன்றும் பார்க்க ஒரே மாதிரி தேய்ந்திருக்கும். ஆட்டு வழி அரை மணி நேரம் நடக்க வைத்துவிட்டு ஒரு புதரில் காணாமல் போகும். கூகுள் மேப் உதவும் என்பீர்கள். மலையின் பல மடிப்புகளில் சிக்னலே இருக்காது, முன்கூட்டி இறக்கி வைத்த வரைபடத்தில் அந்தப் பாதைகளும் இருக்காது. எந்தப் பாறை முகட்டில் மலைத்தேனீ கூடு கட்டியிருக்கிறது, எந்தப் பள்ளத்தில் கரடி இலந்தைப் பழத்துக்கு வரும், மேலே மழை பிடித்தால் எந்த ஓடை கொஞ்ச நேரத்தில் கரை புரளும் என்பதெல்லாம் எந்தச் செயலியிலும் ஏறாத தகவல்கள். கமண்டல நதியின் நீர் இப்படி மலையிலிருந்து இறங்கித்தான் செண்பகத்தோப்பு அணைக்கு வருகிறது. நீங்கள் படுத்திருக்கும் இடத்தில் தூறல்கூட இல்லாமலே ஓடையில் வெள்ளம் வரலாம். ஓடைக்கரை மணலைப் பஞ்சு மெத்தையாகப் பார்க்கும் கண்ணுக்கு அது தெரியாது.

இதில் உயிரோடு விளையாடும் விஷயம் தீ. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காய்ந்த புல்லில் பரவிய தீ, மலையேறப் போன இரண்டு குழுக்களைச் சூழ்ந்தது. அன்று இறந்தவர்களும் மருத்துவமனையில் இறந்தவர்களுமாக 23 பேர். அவர்களில் கல்யாணமாகிச் சில மாதங்களே ஆன தம்பதியரும் உண்டு. அங்கே போனவர்கள் இருவர் மூவரல்ல, கூட்டமாகப் போனவர்கள், நகரத்தில் மலையேற்றப் பழக்கம் உள்ளவர்களும் அவர்களில் இருந்தார்கள். எண்ணிக்கையும் நல்ல ஷூவும் அவர்களைக் காப்பாற்றவில்லை. சரிவில் தீ மேல்நோக்கி ஓடும்போது அதன் வேகம் கூடும், மேலே இருக்கும் புல்லை அதன் சூடே முன்கூட்டிக் காய வைத்துவிடும். பதறிப்போன மனிதர் மேட்டை நோக்கியோ பள்ளத்தை நோக்கியோ ஓடுவார். மலைக்காரருக்கு எது வெறும் பாறை, எது ஏற்கெனவே எரிந்து அடங்கிய இடம், எங்கே நின்றால் தீ தாண்டிப் போகும் என்பது பழக்கத்தில் வந்த அறிவு. அன்றும் காயம்பட்டவர்களைத் தேடி முதலில் மேலே ஏறியவர்களில் அந்தப் பக்கத்து ஊர்க்காரர்களே அதிகம்.

"நாங்கள் கேம்ப்ஃபயர் போடப்போவதில்லை, சின்ன கேஸ் அடுப்பில் நூடுல்ஸ் மட்டும்" என்று சொல்வீர்கள். ஜவ்வாது பெரும்பாலும் இலையுதிர்க் காடு. தை மாதம் கழிந்தால் தரையெல்லாம் சருகு. அந்தச் சருகின் மேல் வைக்கும் அடுப்பு சமமாக உட்காராது, பாத்திரத்தின் கனத்தில் ஒரு பக்கம் சாயும். சாய்ந்தால் நெருப்பு சருகில்தான் படும். சிகரெட் துண்டைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. 1882ஆம் ஆண்டின் வனச் சட்டமே காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவதையும் அங்கே தீ மூட்டுவதையும் குற்றமாக்கியிருக்கிறது. குரங்கணிக்குப் பிறகு மலையேற்றத்துக்கென்றே தனி விதிகளும் வந்தன. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம், அது பழங்குடிகளிடமிருந்து காட்டைப் பிடுங்கிய சட்டம் என்ற விமர்சனத்தில் எனக்கும் உடன்பாடு உண்டு. அதற்காக, அந்தச் சட்டத்தால் விறகுக்கும் புளிக்கும் அலைக்கழிக்கப்பட்ட மக்களின் மலையில், சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ வார இறுதிக்கு வருகிறவர்கள் அதை மீறிக் காட்டுவது எந்த நியாயத்திலும் சேராது. காட்டில் தீப்பிடித்தால் விசாரணை முதலில் யார் வீட்டு வாசலுக்குப் போகும் என்று யோசித்துப் பாருங்கள். நீங்கள் அதற்குள் வாணியம்பாடியைத் தாண்டியிருப்பீர்கள்.

வெளிநாட்டில் கணவனும் மனைவியுமாக வாரக்கணக்கில் மலைகளில் நடக்கிறார்களே என்பது அடுத்த கேள்வி. நடக்கிறார்கள். யோசெமிட்டி போன்ற பூங்காவில் காட்டுக்குள் இரவு தங்க அனுமதிச்சீட்டு வேண்டும், ஒரு பாதையில் ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்ற வரம்பு உண்டு, உணவைக் கரடி திறக்க முடியாத பெட்டியில்தான் வைக்க வேண்டும், வழி தவறினால் தேடி வருவதற்கென்றே மீட்புப் படை இருக்கிறது. மூன்றாவது ஆளை அங்கே ஓர் அமைப்பாகவே செய்து வைத்திருக்கிறார்கள். அந்த அமைப்பு இல்லாத இடங்களில் ஆளையே கூட்டிப்போகச் சொல்கிறார்கள். கிளிமஞ்சாரோவில் 1991 முதல் வழிகாட்டி இல்லாமல் ஏற முடியாது. நேபாளம் 2023 ஏப்ரலில் தனியாக வரும் வெளிநாட்டு மலையேறிகளுக்கு வழிகாட்டியைக் கட்டாயமாக்கியது. எவரெஸ்ட் பக்கத்து உள்ளூர் நிர்வாகம் அதை ஏற்கவில்லை என்பதும் உண்மை. ஆனாலும் மலையேற்றத்தில் நம்மைவிட நெடுநாள் அனுபவம் உள்ள நாடுகள் எந்தத் திசையில் போகின்றன என்பது தெரிகிறது.

நம் அரசும் அந்தத் திசையில்தான் காலெடுத்து வைத்திருக்கிறது. 2024 அக்டோபரில் தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் 14 மாவட்டங்களில் 40 பாதைகள் அறிவிக்கப்பட்டன. பயிற்சி பெற்ற உள்ளூர் இளைஞர்கள், அவர்களில் பழங்குடியினர் பலர், கூடவே வருகிறார்கள். தீப்பிடிக்கும் காலத்தில் பாதைகளை மூடிவிடுகிறார்கள். பக்கத்தில் ஏலகிரியிலிருந்து ஜலகாம்பாறைக்குப் போகும் வழியும் அதில் உண்டு. ஜவ்வாதில் இதே வசதியை ஊர் ஊராகக் கொண்டுவர வேண்டியது வனத்துறையின் வேலை. அனுமதிக்கு யாரைக் கேட்பது, எங்கே பணம் கட்டுவது என்று தெரியாமல் ஒருவர் மூன்று அலுவலகம் ஏறி இறங்கினால், நான்காவது தடவை யாரையும் கேட்காமல்தான் காட்டுக்குள் போவார். அந்தக் குறையை நான் மறைக்கவில்லை. அது தீரும்வரை ஊருக்கும் ஊருக்கும் நடுவே மக்கள் நடக்கும் பாதையில் ஊர்க்காரரோடு நடக்கலாம், காப்புக்காட்டுக்குள் போகவேண்டுமென்றால் வனச்சரக அலுவலகத்தில் கேட்டுவிட்டுப் போகலாம்.

பர்வதமலையில் பௌர்ணமிக்கு ஆயிரக்கணக்கானோர் ஏறுகிறார்கள், எங்கள் மேல் மட்டும் ஏன் பாய்கிறீர்கள் என்று கேட்டால் அதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. ஆனால் அங்கே எல்லாரும் அறிந்த பாதை, வழியெல்லாம் ஆள், கால் பிசகினால் கை கொடுக்க முன்னும் பின்னும் நாலு பேர். அப்படியிருந்தும் ஆபத்து இல்லாமல் போவதில்லை. வெள்ளியங்கிரியில் 2024இல் மட்டும் பக்தர்கள் பலர் இறந்தார்கள். கூட்டத்தோடு ஏறும் மலையிலேயே நிலைமை இது.

உங்களுடைய உண்மையான தயக்கம் வேறு என்று எனக்குப் படுகிறது. இரண்டு பேர் தனியாக இருக்கத்தானே வருகிறோம், நடுவில் ஒரு மூன்றாம் மனிதர் எதற்கு என்பதுதான் அது. இதைக் கொச்சையாகப் பார்க்கிறவர்களோடு நான் இல்லை. கூட்டுக் குடும்பத்து வீட்டில் தாழ்ப்பாள் இல்லாத அறையில் கல்யாண வாழ்க்கையைத் தொடங்கியவர்களுக்குத் தனிமை எத்தனை பெரிய பொருள் என்பது தெரியும். கல்யாணமாகாதவர்கள் பாடு இன்னும் மோசம். லாட்ஜில் தாலி இருக்கிறதா என்று பார்க்கிறார்கள், பூங்காவில் போலீஸ் அப்பா போன் நம்பர் கேட்கிறது. வயதுவந்த இருவர் கல்யாணமாகாமல் ஓர் அறையில் தங்குவது குற்றம் ஆகாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2019 டிசம்பரில் கோவை விடுதி ஒன்றின் வழக்கில் சொல்லியும் பல விடுதிகளின் வரவேற்பு மேஜைக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை. அறை கிடைக்காதவர்கள் காட்டைத் தேடுவது புரிகிறது. ஆனால் காட்டில் கிடைப்பது தனிமையா? முன்பின் தெரியாத மலையில் இரவில் இரண்டு பேர் மட்டும் இருப்பது குடித்துவிட்டு வரும் ஒரு கூட்டத்துக்கு எத்தனை வசதி என்று பெண்ணாக இருப்பவர் என்னைவிட நன்றாகச் சொல்வார். இரவெல்லாம் சருகு அசையும் ஓசைக்கு டார்ச் அடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைத் தனிமை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மலைக்காரர் பத்தடி முன்னால் நடப்பார், திரும்பித் திரும்பிப் பார்க்க மாட்டார். அவருக்கு உங்கள் பேச்சைவிடப் பாதையில் கவனம் அதிகம். பொழுது சாய்ந்ததும் ஜமுனாமரத்தூர் பக்கம் அறை எடுத்துக் கதவைச் சாத்திக்கொள்ளுங்கள். அங்கே யாராவது கல்யாணச் சான்றிதழ் கேட்டால், நான் சொன்ன தீர்ப்பைச் சொல்லுங்கள்.

இரவு வானம் பார்க்கத்தான் வெளியில் படுக்கிறோம் என்றால் அதற்கும் ஜவ்வாதில் ஏற்பாடு இருக்கிறது. இந்த மலையின் இருட்டை நம்பித்தான் 1960களின் கடைசியில் காவலூரில் தொலைநோக்கி வைத்தார்கள். 1986இல் 2.3 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி வந்தது, கணித மேதை ராமானுஜன் பெயர் தாங்கிய குறுங்கோளை 1988இல் கண்டுபிடித்ததும் இங்கேதான். சனிக்கிழமைகளில் பொதுமக்களை உள்ளே விடுகிறார்கள். டெண்ட்டுக்குப் பக்கத்தில் பளிச்சென்று எல்.இ.டி. விளக்கை எரிய விட்டுக்கொண்டு நட்சத்திரம் தேடுவதைவிட அது மேல்.

கடைசியாகப் பணம். "ஒரு நாள் நடைக்கு ஆளுக்குக் கூலி கொடுத்தால் செலவு ஏறுமே" என்கிறார்கள். டெண்ட்டுக்கும் ஷூவுக்கும் கொடுத்த விலையோடு ஒப்பிட்டால் அது சொற்பம். ஆனால் நான் சொல்ல வருவது அதைவிடக் கனமானது. மலையில் வழி தெரிவது, பாரம் சுமந்து சரிவில் இறங்குவது, இரவில் காட்டில் திசை மாறாமல் நடப்பது: இவை ஜவ்வாது மக்களின் திறமைகள். இந்தத் திறமைக்கு நல்ல கூலி கொடுத்துக் கூப்பிட்டவர்கள் நெடுங்காலம் யார் தெரியுமா? முதலில் சந்தன மரக் கடத்தல்காரர்கள். இந்த மலைச் சந்தனத்தை அவர்கள் அரித்துத் தீர்த்த பிறகு, சேஷாசலம் காட்டுச் செம்மரத்துக்கு ஆள் பிடித்தவர்கள். 2015 ஏப்ரல் 7 அன்று அந்தக் காட்டில் ஆந்திரத் தனிப்படை சுட்டதில் தமிழ்நாட்டுக்காரர்கள் 20 பேர் இறந்தார்கள். திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டத்து ஏழைகள் அவர்களில் அதிகம். ஜவ்வாது மலையிலிருந்தும் அதன் அடிவாரத்திலிருந்தும் போனவர்களும் அதில் உண்டு. சுட்டது மோதலிலா, பிடித்து வைத்தா என்ற கேள்வி வேறு, அதை மனித உரிமை ஆணையம்வரை கொண்டுபோனார்கள். எனக்கு உறுத்துவது, காட்டை அறிந்த ஒரு மனிதரின் அறிவுக்குச் சட்டத்துக்கு உட்பட்ட சந்தையில் விலையே இல்லாமல் போனது. சாமையும் புளியும் வருடம் முழுக்கச் சோறு போடுவதில்லை, மழை பொய்த்தால் அதுவும் இல்லை. நீங்கள் கொடுக்கும் ஒரு நாள் கூலியால் அந்தக் கதை மாறிவிடும் என்று நான் ஊதிப் பெருக்கவில்லை. ஆனால் வருடம் முழுக்க உங்களைப் போல வருகிறவர்கள் எல்லாரும் ஒவ்வொரு ஆளைக் கூட்டிப்போனால், மலை ஊர் ஒன்றில் நாலைந்து இளைஞர்களுக்கு அதுவே ஒரு தொழில். அவர்களே டெண்ட்காரர்களைக் கண்டிக்கவும், குப்பையைத் திருப்பி எடுக்க வைக்கவும், தீக்காலத்தில் வராதே என்று சொல்லவும் உரிமை உள்ள ஆட்களாக ஆவார்கள். வனக்காப்பாளர் ஒருவர் எத்தனை மலையைத்தான் சுற்றுவார்!

பழங்குடிகளைக் காட்சிப்பொருள் ஆக்குகிறோம் என்ற குற்றச்சாட்டும் இதில் வரும். வரத்தான் வேண்டும், அது சரியான எச்சரிக்கை. வழி காட்டக் கூப்பிட்டவரை ஆடச் சொல்லாதீர்கள், அவர் வீட்டுக்குள் கேமராவை நுழைக்காதீர்கள், அவர் குழந்தைக்கு மிட்டாய் நீட்டிப் படம் எடுக்காதீர்கள். அவர் செய்வது ஒரு வேலை. அதற்கு முன்கூட்டியே பேசிய கூலியைப் பேரம் பேசாமல் கையில் கொடுங்கள். சாப்பாட்டை அவர் ஊரிலேயே சமைக்கச் சொல்லிச் சாப்பிட்டால் அதற்குத் தனியாகக் கொடுங்கள், சாமைச் சோறும் கொள்ளுக் குழம்பும் நூடுல்ஸுக்கு எந்த விதத்திலும் தாழ்ந்ததல்ல.

எப்போது வரலாம் என்று கேட்டால், மாசியிலிருந்து கோடை மழை விழும்வரை மலையை விட்டுவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் ஓடைகளை நம்ப முடியாது. மார்கழியும் தையின் முன்பாதியும் நடப்பதற்கு நல்ல காலம், காலைப் பனி விலக எட்டு மணி ஆனாலும் அதன் பிறகு நாள் முழுக்க வெயில் இதமாக இருக்கும். விடியற்காலையில் சந்தவாசலில் இறங்குகிறபடி வாருங்கள், வழித்துணைக்கு ஆளை முந்தைய வாரமே போனில் பேசி வைத்துக்கொள்ளுங்கள், திரும்பும்போது கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதையும் அவரிடமே கேட்டு வையுங்கள்.